வீட்டுத் தேன்: உடல்நலத்துக்கும் அழகுக்கும் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் வீடுகளில் தேன் மருந்துப் பெட்டிக்கும் சமையலறை அலமாரிக்கும் பொதுவான பொருள். சுக்குத்தூள் குழைப்பதற்கும் முகத்தில் பூசுவதற்கும் அதே புட்டியைத்தான் எடுக்கிறோம். அதனாலேயே அதைப் பற்றிய நம்பிக்கைகளும் கலந்துபோய்க் கிடக்கின்றன. அவற்றுள் எவை நிற்கின்றன, எவை நிற்கவில்லை, எங்கே ஆபத்து இருக்கிறது என்பதைக் கீழ்க்காணும் பதில்கள் விளக்குகின்றன.

தேனும் ஒரு சர்க்கரைதானே? அதற்கு மட்டும் மருத்துவக் குணம் எப்படி வந்தது?

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான் என்பது உண்மை. அதில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் ஆகும். தண்ணீர் சுமார் 17 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். வைட்டமின்களும் தாதுக்களும் இருக்கின்றன என்றாலும், ஒரு கரண்டித் தேனில் அவை கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. தேனின் தனித்தன்மை அதன் சத்துப் பட்டியலில் இல்லை. மூன்று இயல்புகளில் இருக்கிறது.

முதலாவது, அதன் தாகம். இவ்வளவு சர்க்கரை இவ்வளவு குறைந்த நீரில் கரைந்திருப்பதால், தேன் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதில் விழும் பாக்டீரியாவின் நீரையும் அது இழுத்துவிடுவதால் அவை பெருக முடிவதில்லை. இரண்டாவது, அதன் புளிப்பு: நாக்குக்கு இனிப்பாகத் தெரிந்தாலும் பெரும்பாலான தேன் வகைகளின் அமிலத்தன்மை பி.எச். 4-ஐ ஒட்டியே இருக்கும். மூன்றாவது, தேனீ தன் வாயிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி; தேனில் சிறிது நீர் கலந்ததும் இது வேலை செய்யத் தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடை மிக மெல்லிய அளவில் தொடர்ந்து உண்டாக்குகிறது. தோல் வறட்சி, சிறு காயம் என்று தேன் பயன்படும் இடங்களில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோதான் உழைக்கின்றன; இருமலில் மட்டும், அது தொண்டையில் பூச்சாகப் படிவதே உதவுகிறது. இவற்றுக்குத் தொடர்பில்லாத பயனைத் தேனின் மீது யாராவது ஏற்றிச் சொன்னால், கொஞ்சம் சந்தேகத்துடன் கேட்பதே நல்லது.

இருமலுக்குத் தேன் கொடுப்பதில் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. தேனின் வீட்டுப் பயன்களிலேயே சான்று வலுவாக இருப்பது இதற்குத்தான். 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சளிக்காய்ச்சலால் இரவில் இருமிய 105 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. படுக்கப் போவதற்கு முன் சிலருக்குத் தேனும், சிலருக்கு இருமல் மருந்துகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் கொடுக்கப்பட்டன. சிலருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. மருந்து எதுவும் பெறாத குழந்தைகளைவிடத் தேன் பெற்ற குழந்தைகளின் இருமலும் தூக்கமும் தெளிவாக மேம்பட்டிருந்தன. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனால் அத்தகைய வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை. பின்னர் 2012-இல் இஸ்ரேலில் ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளிடம், பேரீச்சம்பாகுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்விலும் தேனே முன்னால் நின்றது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களும் 2018 முதல், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் தேடி ஓடுவதற்கு முன் தேனை முயன்று பார்க்கச் சொல்கின்றன.

தேன் இருமலின் காரணத்தைத் தீர்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தொண்டையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது. அந்த நேரத்துக்குள் உடல் தானாகவே நோயை வெல்கிறது. ஆகவே படுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன், ஒரு வயதைக் கடந்த சிறு குழந்தைக்கு அரை டீஸ்பூன், ஆறு வயதுக்கு மேல் ஒரு டீஸ்பூன், பெரியவர்களுக்கு இரண்டு டீஸ்பூன் என்ற அளவில், மெதுவாக நாக்கில் வைத்துச் சுவைத்து விழுங்கச் செய்வதே சரியான முறை. மடக்கென்று விழுங்கிவிட்டால் பயனில் பாதி போய்விடும்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருவதும், ஆடாதோடைச் சாற்றுடன் தேன் சேர்ப்பதும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அங்கே தேன் பெரும்பாலும் அனுபானம். அதாவது மருந்தை ஏந்திச் செல்லும் துணைப்பொருள். காரமும் கசப்பும் குறைந்து மருந்து உள்ளே போவதோடு தொண்டைக்கும் இதம் கிடைக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைத் தேனால் தள்ளிப்போடக் கூடாது. நம் நாட்டில் அப்படிப்பட்ட இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், விடாத காய்ச்சல் இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும்போது தேன் தடவலாமா?

கூடாது. ஒரு துளியும் கூடாது. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை எந்த வடிவிலும் தேன் கொடுக்கக் கூடாது.

தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் உறங்கும் நிலையில் இருக்கக்கூடும். தேனுக்குள் அவை வளர்வதில்லை. பெரியவர்களின் குடலிலும் வளர்வதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் காவலாக நிற்கும் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைபெறாததால், அங்கே அவை முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கிவிடலாம். மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறுதல், அழுகை பலவீனமாதல், இமைகள் தொங்குதல், கைகால் துவளுதல் என்று தொடங்கி மூச்சு விடுவதையே அது பாதிக்கக்கூடும். காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாலும் பயனில்லை. கொதிநீரின் வெப்பம் அந்த வித்துகளைக் கொல்லாது. புட்டித்தேன், மலைத்தேன், சொந்தத் தோட்டத்துத் தேன் என்ற வேறுபாடும் இதில் இல்லை.

உரைமருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதற்கும், சூப்பானைத் தேனில் தொட்டு வாயில் வைப்பதற்கும் இது பொருந்தும். “எங்கள் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் தேன் தொட்டுத்தான் வைத்தோம்” என்று வீட்டில் மூத்தவர்கள் சொன்னால் அது பொய்யில்லை. இந்த நோய் அரிதானது என்பதால் பெரும்பாலான குழந்தைகள் தப்பித்தன. தப்பாத குழந்தைக்கு என்ன வந்தது என்று அன்று பெயர் சொல்ல யாருக்கும் தெரியாமல் இருந்தது. சேனை என்பது உறவைக் காட்டும் சடங்கு; மாமாவோ பாட்டியோ குழந்தையைக் கையில் ஏந்தி வாழ்த்தினாலே அது நிறைவேறிவிடும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்குத் தேவையில்லை. பாலூட்டும் தாயும் கர்ப்பிணியும் தேன் சாப்பிடத் தடையில்லை.

காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் உடல் இளைக்குமா?

வெந்நீரில் குடித்தால் இளைக்கும், குளிர்ந்த நீரில் குடித்தால் பெருக்கும் என்று ஒரு வாசகம் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீரின் சூட்டை வைத்துத் தேன் கட்சி மாறுவதில்லை. ஒரு டீஸ்பூன் தேன் சுமார் 7 கிராம் எடையும் 20 கலோரியும் கொண்டது. ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 16 கலோரிதான், ஏனெனில் அது எடை குறைவு. சர்க்கரை போட்ட காபியை விட்டுவிட்டு ஒரு டீஸ்பூன் தேன் கலந்த நீருக்கு மாறியவர் இளைத்தால், அந்தப் புகழ் விட்ட காபிக்கே சேர வேண்டும். வழக்கமான காபியோடு இதையும் சேர்த்துக் குடிப்பவர் இளைக்க வழியில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தேனையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் கணக்கிலேயே சேர்க்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் என்பது நலமாக உள்ள ஒருவருக்குப் போதுமான அளவு.

சர்க்கரை நோயாளிகள் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்க்கலாமா?

பதிலாக என்ற எண்ணமே தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தில் வெள்ளைச் சர்க்கரையும் தேனும் ஒன்றுக்கொன்று அருகருகேதான் நிற்கின்றன. சில வகைத் தேன் சற்றுக் கீழே இருக்கலாம், அவ்வளவுதான். சூரணம் குழைக்க அரை டீஸ்பூன் தேவைப்பட்டால், அதை அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுவது முறை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றை “கெடுதல் இல்லாத இனிப்பு” என்று பெயரிட்டு விற்பது வியாபாரம்.

கை சுட்டுக்கொண்டால் உடனே தேன் தடவலாமா?

உடனே செய்ய வேண்டியது குழாய் நீரில் காட்டுவது. குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் சுட்ட இடத்தைக் குளிரச் செய்ய வேண்டும். தேன், பற்பசை, மாவு எதுவும் அந்த நேரத்தில் அருகில் வரக் கூடாது.

அதன்பின் தேனுக்கு இடமுண்டா என்றால், உண்டு; ஆனால் எந்தத் தேன் என்பது முக்கியம். மேலோட்டமான தீக்காயங்களில் தேன் பூசிய கட்டு, வழக்கமான சில கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாகவே புண்ணை ஆற்றுகிறது என்று 2015-இல் வெளிவந்த, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு தெரிவித்தது. அத்தகைய சிகிச்சைக்கென மருத்துவத் தரத் தேன் உண்டு. காமாக் கதிர் செலுத்திக் கிருமி நீக்கிய அந்தத் தேன் நம் சமையலறைப் புட்டியில் இருப்பது அன்று. தோல் உரியாத சிறு சூட்டுக்கும், காய் நறுக்கும்போது பட்ட கீறலுக்கும், நன்றாகக் கழுவிய பின் வீட்டுத் தேனை மெல்லப் பூசுவதால் பெரிய கேடு வராது. கொப்புளம் உடைந்த காயம், ஆழமான வெட்டு, சர்க்கரை நோயாளியின் காற்புண் ஆகியவற்றில் வீட்டுத் தேனைத் தொடவே வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு?

சிறு புண்ணின் மேல் விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்தால் எரிச்சல் அடங்கும். இரவில் வைத்துக்கொண்டு அப்படியே உறங்கினால் பல் சொத்தைக்கு வழி செய்ததாகிவிடும். சிறிது நேரத்தில் வாய் கொப்பளித்துவிட வேண்டும்.

முகத்தில் தேன் பூசுவதால் என்ன நன்மை? எப்படிப் பூச வேண்டும்?

முதல் பதிலில் சொன்ன தாகம்தான் இங்கே உழைக்கிறது. ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள் தோலின் மேற்படலத்தில் கால் மணி நேரம் இருந்தால், அந்தப் படலம் நீர் ஏறி மென்மையாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் முகம் வெளிறி இழுத்துக்கொள்ளும்போது இந்தப் பயனை நன்றாக உணரலாம். ஆனால் தேன் ஈரத்தைக் கொண்டுவருமே தவிரக் காத்து வைக்காது. கழுவித் துடைத்த பின் தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ வழக்கமான கிரீமோ தடவினால்தான் வந்த ஈரம் தங்கும். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

செய்முறை எளிது. முகத்தை வெறும் நீரில் கழுவி, ஈரம் முழுதும் காயுமுன் ஒரு டீஸ்பூன் தேனை மெல்லிய படலமாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். எண்ணெய் வழியும் முகமாக இருந்தால் பயத்தமாவும், வறண்ட முகமாக இருந்தால் ஒரு டீஸ்பூன் தயிரோ பாலாடையோ சேர்த்துக்கொள்ளலாம். கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதைத்தான் வன்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது. அதன் அமிலம் தோலை எரிப்பதோடு, சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் உண்டாகலாம். இலவங்கப்பட்டைத் தூளும் பலருக்கு எரிச்சல் தரும். எந்தக் கலவையானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போக வேண்டும். மகரந்தமோ தேனீக் கொட்டோ ஒவ்வாதவர்களுக்கு இது கட்டாயம்.

தேன் தோலின் நிறத்தை மாற்றாது. மாற்ற வேண்டிய தேவையும் அந்த நிறத்துக்கு இல்லை.

பருக்கள் மறையுமா?

ஆய்வுக்கூடத் தட்டில் தேன் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்பதைக் கொண்டு எழுந்த நம்பிக்கை இது. நியூசிலாந்தில் பருக்கள் உள்ள 136 பேரிடம், அந்நாட்டின் கானுகா மரத் தேனைக் கொண்டு 12 வாரம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. கிருமிநாசினி சோப்பை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட, அதனுடன் தேனும் பூசியவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. பருவைக் குறைக்கத் தேனை நம்பி மாதங்களை வீணாக்காமல் தோல் மருத்துவரைப் பார்ப்பதே வழி.

தலையில் தேன் பட்டால் முடி நரைத்துவிடும் என்கிறார்களே?

நம்மிடையே இந்த அச்சம் இருக்கும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை. முடியின் நிறம் தோலுக்கு அடியில், வேர்க்காலில் உருவாகிறது. மேலே தடவும் தேன் அந்த இடத்தை எட்டுவதில்லை. தேனில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு, தலைமுடியை வெளுக்கப் பயன்படுத்தும் கரைசலோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மெல்லியது. உள்ளங்கையில் பட்ட தேனைத் தலையில் துடைத்துக்கொள்ளும் பிள்ளைகளைத் தடுக்க எந்தத் தாயோ சொல்லி வைத்ததாக இருக்கலாம்.

பொடுகைப் பொறுத்தவரை ஒரு சிறிய ஆய்வு கவனத்துக்குரியது. 2001-இல் வெளிவந்த அதில், தலையிலும் முகத்திலும் நெஞ்சிலும் செதில் உதிரும் தோலழற்சி நீண்டகாலமாக இருந்த 30 பேருக்கு, வெதுவெதுப்பான நீர் சிறிது கலந்த தேனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேய்த்து மூன்று மணி நேரம் ஊறவிட்டதில், ஒரு வாரத்தில் அரிப்பும் செதிலும் அடங்கின. முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். முயன்று பார்ப்பதில் தவறில்லை என்று சொல்லும் அளவுக்கே அது போதும்.

கொசுத்தேனைக் கண்ணில் விட்டால் பார்வை தெளியும் என்பது சரியா?

வேண்டாம். கொசுத்தேனீ பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும். அதன் தேன் நீர்த்தும் புளித்தும் இருக்கும். பிழியும்போது தூசியும் மெழுகும் நுண்ணுயிரும் கலக்கும். கிருமி நீக்காத எதையும் கண்ணில் விடுவது கருவிழியைப் பணயம் வைப்பதாகும். கண்புரை எந்தச் சொட்டாலும் கரையாது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டதுதான் மிச்சமாகும்.

தேனைச் சூடாக்கினால் நஞ்சாகுமா? நெய்யுடன் சம அளவில் சேர்க்கக் கூடாதா?

இரண்டும் ஆயுர்வேத நூல்கள் சொல்லும் விலக்குகள். தேனைக் கொதிக்கவிட்டால் அதன் நொதிகள் செயலிழக்கும், மணம் போகும், சர்க்கரை சூடாகும்போது உண்டாகும் எச்.எம்.எஃப். என்னும் சேர்மம் கூடும். ஆகவே பயன் கருதிச் சாப்பிடுவோர் தேனை அடுப்பில் ஏற்றாமல், நீர் குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு கலப்பது நல்லது. சூடான தேநீரில் தேன் கலந்து குடித்துவிட்டவர் பயப்பட ஒன்றுமில்லை. நெய்யும் தேனும் சேர்வதைப் பொறுத்தவரை, அந்த விலக்கு சம எடைக்கு மட்டுமே. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரையோடு அவை இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

எந்தத் தேன் சிறந்தது?

மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், மனைத்தேன் என்று நம் மரபு பிரித்தது, தேனீ கூடு கட்டும் இடத்தைக் கொண்டுதான். பாறை முகட்டில் பெருந்தேனீ கட்டும் அடையிலிருந்து, நீலகிரியின் குறும்பர் போன்ற பழங்குடியினர் கொடி ஏணியில் இறங்கி எடுப்பது மலைத்தேன். பல மலர்களின் கலவை என்பதால் நிறம் அடர்ந்திருக்கும், ஈரமும் சற்று மிகுதி. மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளில் எடுக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தினுடையது. அது பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் இலைகள் துளிர்க்கும் காலத்தில், மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது. இருமலுக்கோ முகத்துக்கோ இவற்றுள் எதைக் கொண்டாலும் பயன் ஏறக்குறைய ஒன்றே. கலப்படமற்றதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கும், காகிதத்தில் ஊறாது, திரியில் நனைத்தால் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று ஐந்தாறு சோதனைகள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் முதல் மூன்றும் பாகின் கெட்டித்தன்மையைத்தான் சோதிக்கின்றன. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு இவற்றில் தேறிவிடும். ஈரம் மிகுந்த அசல் மலைத்தேன் தோற்றுவிடும். எறும்புக்கு அசல் தேன் பிடிக்காது என்பவர் தேன் சிந்திய தரையை ஒரு மணி நேரம் கவனித்தால் போதும்.

ஆய்வுக்கூடங்களே திணறும் அளவுக்கு இந்தக் கலப்படம் முன்னேறியிருக்கிறது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் செய்த வழக்கமான சோதனைகளில் பெரும்பாலான பிராண்டுகள் தேறின. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். என்னும் நுட்பமான சோதனையில் 10 பிராண்டுகள் தேறவில்லை. நிறுவனங்கள் அந்த முடிவை மறுத்தன. வாங்குபவர் செய்யக்கூடியது, தேன் எடுப்பவரையோ அவரது கூட்டுறவுச் சங்கத்தையோ தெரிந்து வாங்குவது, நம்ப முடியாத மலிவை நம்பாமல் இருப்பது, எடையைக் கேட்டு வாங்குவது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் குழப்பிக்கொண்டு ஏமாறுபவர்கள் பலர். தேன் மிட்டாயின் உள்ளே இருப்பதும் சர்க்கரைப்பாகுதான் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைப்பதில் பிழையில்லை.

புட்டியில் தேன் உறைந்து சர்க்கரை போல் ஆகிவிட்டது. எறிந்துவிடலாமா?

வேண்டாம். அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாகியிருக்கிறது. அது கெட்டுப்போனதற்கோ கலப்படத்துக்கோ அடையாளம் ஆகாது. கை பொறுக்கும் சூடுள்ள நீரில் புட்டியை நிற்கவைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி உறைவதை விரைவுபடுத்தும் என்பதால் அலமாரியே தேனுக்கு ஏற்ற இடம்.

நுரை பொங்கி, மூடியைத் திறக்கும்போது கள் வாடை அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும் தேன் எளிதில் நொதித்துவிடும். மூடாமல் வைத்த புட்டி மழைக்காலக் காற்றிலிருந்தே அவ்வளவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் உலர்ந்த கரண்டியாலேயே எடுக்க வேண்டும். முகத்தில் பூசுவதற்கென்றால் தேவையான அளவைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வது நல்லது. ஈர விரலை நேரே புட்டிக்குள் விடக் கூடாது.